ஆழ்கடலில் ஓடிய அவசரம்



வலிமை எது என்று கேட்டால், வாளைக் காட்டுவான் ஒருவன். வாளேந்தும் கையைக் காட்டுவான் மற்றொருவன். வாளையே எண்ணி, கையை மறந்த ஒரு வல்லரசின் கதையைக் கூற வந்துள்ளேன். எதிரிக் கப்பலைத் தேடித் தாக்க சோவியத் நாடு கட்டிய அணுசக்தி நீர்மூழ்கிகளின் கதை அது.

பழைய நீர்மூழ்கி கடலுக்கடியிலே மின்கலத்தால் ஓடும். மின்கலத்துக்கு மின்னூட்ட டீசல் எந்திரம் வேண்டும். எந்திரத்துக்கோ காற்று வேண்டும்! ஆகவே, மூழ்கியது மேலே வந்தே தீரவேண்டும். அணு உலைக்குக் காற்று வேண்டியதில்லை. உலையின் வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியை இயக்க, வாரக்கணக்கிலே மறைந்தே ஓடலாம். 1955-ல் அமெரிக்காவின் 'நாட்டிலஸ்' அவ்விதம் ஓடிற்று.

சோவியத் நாடு சும்மா இருந்ததா? இல்லை. 1952-லேயே ஸ்டாலின் ஆணை பிறப்பித்தார். பெரகூடவ் கலத்தை வடிவமைத்தார். அலெக்சாந்திரவ் உலைக்கு வழிகாட்டினார். 1958 ஜூலை 4-ல் 'கே-3' அணுசக்தியால் ஓடிற்று. போரிலே புண்பட்டு, பசியிலே வாடிய நாடு 13 ஆண்டுகளில் செய்த அருஞ்செயல் அது, மறுப்பாரில்லை! 1962-ல் வடதுருவப் பனிக்கடியிலே சென்று மீண்டது. குருஷேவ் நேரிலே வந்து பதக்கம் சூட்டினார். பத்திரிகைகள் பாராட்டிப் பாடின.

பாடாத பகுதியும் உண்டு, தோழர்களே! 1967 செப்டம்பர் 8-ல் அதே 'கே-3'-ல் தீ. 39 மாலுமிகள் மாண்டனர். பதக்கத்தைப் பறைசாற்றிய அரசு, பிணத்தைப்பற்றி வாய் திறக்கவில்லை. 1970 ஏப்ரலில் 'கே-8'-ல் தீ. பிஸ்கே வளைகுடாவிலே கலம் மூழ்கிற்று. 52 பேர் மாண்டனர். மீண்டும் மௌனம்!

அமெரிக்காவிலே விபத்தே இல்லையா? உண்டு. 1963-ல் 'திரெஷர்' மூழ்கி 129 பேர் மடிந்தனர். ஆனால் உலகறிய அறிவித்தனர், விசாரித்தனர், நீர்மூழ்கிகளின் பாதுகாப்புக்கெனத் தனித்திட்டமே வகுத்தனர். பிழையைச் சொன்னவன் திருத்திக்கொண்டான். மறைத்தவன்?

வேகத்தைத் தேடினான். டைட்டானிய உடல், ஈயமும் பிஸ்மத்தும் உருகிக் குளிர்விக்கும் உலை, மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம்! 'ஆல்ஃபா' என்று மேலைநாட்டார் பெயரிட்ட கலம் கண்டு எதிரியும் வியந்தான். பின்னர் ஆழத்தைத் தேடினான். 'கம்சமோலெட்ஸ்' 1984-ல் 1,020 மீட்டர் ஆழம் இறங்கிச் சாதனை படைத்தது.

1989 ஏப்ரல் 7. நார்வேக் கடல். அந்தக் கலத்திலும் தீ! மேற்பரப்புக்கு வந்தும் பயனில்லை. 69 பேரில் 42 பேர் மாண்டனர். தீயிலே மாண்டோர் சிலர்; உறையும் நீரிலே விறைத்து மாண்டோரே பலர். ஆயிரம் மீட்டர் ஆழத்தை வென்ற கலம், அலைமேலே தத்தளித்த மனிதனைக் காக்க முடியவில்லையே!

1967-ல் தீ, 1970-ல் தீ, 1989-ல் தீ. முதல் தீயை நாடறியச் சொல்லியிருந்தால், மூன்றாவது தீயிலே சிலராவது பிழைத்திருக்க மாட்டார்களா? அறிவுக்குக் குறைவில்லை அந்த நாட்டிலே, ஆற்றலுக்கும் குறைவில்லை. குறை கூறும் உரிமைதான் இல்லை!

'கே-3' இன்று கிரான்ஷ்டாட் நகரிலே காட்சிக்கூடமாக நிற்கிறது. காண்போர் கலத்தின் வேகத்தைக் கேட்கட்டும், ஆழத்தைக் கேட்கட்டும். அந்த 39 பேரின் பெயரையும் கேட்கட்டும்!