வெள்ளைக் கோலுக்கு வழி விடுவோம்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாடுகளில் பார்வையற்றவரை வழிகாட்டி நாய் அழைத்துப் போவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வார் கட்டியிருந்தால் அந்த நாய் வேலையில் இருக்கிறது; தடவவோ பிஸ்கட் நீட்டவோ கூடாது. அதன் கவனம் சிதறினால் பிடித்து வருபவருக்குத்தான் ஆபத்து. நம் ஊர்த் தெருநாய்களுக்கு நடுவே அது எங்கே நடப்பது! இங்கே வழிகாட்டி வெள்ளைக் கோல்தான். அதற்கும் இதே மரியாதை வேண்டும்.

ஒரத்தநாடு கடைத்தெருவில் ஒருவர் கோலோடு நின்றால், கேட்காமலே கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். அவர் இந்தப் பக்கம் பட்டுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றிருப்பார்! "உதவி வேணுமா சார்?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். சரியென்றால் உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடங்கள். படி வந்தால் ஏறுவதா, இறங்குவதா என்று சொல்லுங்கள். கோலைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

வங்கியில் இருந்தவன் என்பதால் இதையும் சொல்கிறேன். கூட வந்தவரிடம் "இவருக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்காதீர்கள், பணம் அவருடையது. பார்வையைக் காரணம் காட்டி செக் புக், ஏடிஎம், லாக்கர் மறுக்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2008லேயே அறிவுறுத்திவிட்டது. 100 ரூபாய் நோட்டில் முக்கோணமும் 500ல் வட்டமும் தடவினால் தெரியும்படி இருக்கும். நோட்டு நைந்தால் அது தெரியாது. கடைக்காரர்கள் நல்ல நோட்டாகப் பார்த்து, தொகையைச் சொல்லிக் கொடுங்கள்.

அறுவடையில் ரோட்டோரம் நெல் காயப்போட்டு வரிசையாகக் கல் வைக்கிறோமே, அள்ளியதும் அந்தக் கற்களையும் எடுத்துவிடுங்கள்.