காலியாகக் கிடக்கும் நம் நாற்காலி

(வணிகர்களும் இளைஞர்களும் திரளாகக் கலந்துகொண்ட தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

டெல்லியில் யார் மந்திரி என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் பதில் சொல்வீர்கள். உலக அரசியல் என்றால் டீக்கடை பெஞ்சில் இஷா முடிந்து பதினோரு மணி வரை பேசுவோம். சரி, நம் வார்டின் எண் என்ன? நம் கவுன்சிலர் கடைசியாக மாமன்றத்தில் என்ன பேசினார்? நம் தெருச் சாக்கடைக்குப் போன வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள்? ஒருவரும் கை தூக்கவில்லை. நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் உங்களில் ஒருவன்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சமயம் குடிதண்ணீரில் நாற்றம் அடித்தது. முதல் நாள், குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் சரியாகும் என்றோம். மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. ஒரு வீட்டில் மூன்று வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் குளுகோஸ் ஏற்றினார்கள். வசதி உள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்கினோம். வசதி இல்லாத வீடுகள் அதே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தன. நான் என்ன செய்தேன்? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, சால்வையோடு ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போனேன். போட்டோ எடுத்தார்கள். 'பார்த்துக் கொள்கிறேன்' என்றார். பத்து நாள் ஆகியும் ஒரு மண்வெட்டி கூட வரவில்லை.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். என்னை வழியில் நிறுத்தி, 'என்ன பாய், மனு கொடுத்தீங்களா? ரசீது வாங்கினீங்களா?' என்று கேட்டார். இரண்டும் இல்லை. அவரே ஒரு பக்கத்தில் மனு எழுதினார். எந்தத் தேதியில் நாற்றம் தொடங்கியது, எந்தெந்த வீட்டு எண், எத்தனை பேருக்கு நோய், அவ்வளவுதான். எல்லாச் சமயத்து வீடுகளிலும் கையெழுத்து வாங்கினோம். அலுவலகத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்கினோம். அடுத்த வாரமே தோண்டினார்கள். கல்வெட்டுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் கசிந்து, பக்கத்தில் துருப்பிடித்த குடிநீர்க் குழாய்க்குள் இறங்கிக் கொண்டிருந்தது.

அன்று நான் வெட்கப்பட்டேன். இருபது வருடமாக மைக் பிடித்துப் பேசியவனுக்கு ஒரு மனு எழுதத் தெரியவில்லை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானில் ஒரு பகுதி என்று மேடைதோறும் சொன்னவன், என் தெருவின் இடையூறை அகற்றும் வழியைக் கற்கவில்லை.

சகோதரர்களே! நகராட்சி என்பது யாரோ நமக்குப் போடும் பிச்சை அல்ல. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், வார்டுகளுக்குக் குழுக்கள், குடிநீர் முதல் குடிசைப் பகுதி மேம்பாடு வரை 18 பொறுப்புகளின் பட்டியல் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

ஆனால் சட்டம் தானாக நடக்காது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியில், 1973இல் கலைக்கப்பட்ட மன்றத்திற்கு மறுபடி தேர்தல் நடந்தது 1996இல். இருபத்து மூன்று வருடம் அதிகாரிகளே ஆண்டார்கள். சாசனம் திருத்தப்பட்ட பிறகாவது சரியானதா? தமிழகத்தின் நகர்ப்புற மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல் தான். ஐந்து வருடத்திற்கும் மேலாக, சாக்கடை அடைத்தால் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. அத்தனை காலம் காத்திருந்து வந்த தேர்தலில் சென்னையில் வாக்களித்தவர்கள் சுமார் 44 சதவீதம். பாதிக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வாக்குச் சாவடிக்குப் போகாதவன் பிறகு யாரிடம் போய்க் கேட்பான்?

வாக்களித்ததோடு வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. அதற்கு மேல் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று வரிசையாகச் சொல்கிறேன். தம்பிமார்கள் குறித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, யாருடைய வேலை என்று தெரிந்து கொள்ளுங்கள். சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கதவு மாறித் தட்டினால், 'எங்கள் வேலை இல்லை' என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். சென்னையில் மாநகராட்சிப் புகாருக்கு 1913 என்ற எண் இருக்கிறது. எதில் புகார் செய்தாலும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போன பேச்சு.

இரண்டாவது, பகுதி சபை. கிராமத்திற்குக் கிராம சபை போல, நகரத்திற்குப் பகுதி சபை. 2022இல் தமிழக அரசு இதற்கும் வார்டு குழுவிற்கும் விதிகள் வெளியிட்டது. ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர்களைக் கூட்டி, எந்த வேலை முதலில் வேண்டும் என்று கேட்கிறார்கள். வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர். 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் இந்தக் கூட்டங்கள் நடந்தன. எங்கள் பகுதிக் கூட்டத்திற்கு நான் போயிருந்தேன். நம் தெருக்களிலிருந்து வந்தவர்கள் நான்கே பேர். பக்கத்துத் தெருவிலிருந்து முப்பது பேர் வந்து, வடிகால் வேண்டும் என்று ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் கோரிக்கை முதலில் எழுதப்பட்டது. இதில் பாரபட்சம் எங்கே இருக்கிறது? நம் நாற்காலியை நாமே காலியாகப் போட்டுவிட்டு, எங்களைப் புறக்கணிக்கிறார்கள் என்று மேடையில் முழங்கினால் அது நியாயமா? புறக்கணிப்பு இருக்கும் இடத்தில் கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால் போய் உட்கார்ந்தவனுக்குத்தான் அப்படிக் கேட்கும் தகுதி வரும்.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. நம் தெருச் சாலைக்கு எவ்வளவு தொகை, ஒப்பந்தக்காரர் யார், எத்தனை கனத்தில் போட வேண்டும் என்று கேட்கலாம். போட்ட பொருளின் மாதிரியைக் கூடச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். தம்பிமார்களே, கையில் செல்போன் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. மாதம் ஒரு மனு எழுதினால் போதும்.

நான்காவது, வணிகப் பெருமக்களுக்கு. 2022இல் சொத்து வரியை உயர்த்தினார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம் கூடியது. பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுத்து அறிவிப்பு வந்தது. நம் கடைவீதிகளிலிருந்து எத்தனை கடிதம் போயிற்று? ரசீது வந்த பிறகு கல்லாவில் உட்கார்ந்து திட்டுவதில் பயன் இல்லை. அறிவிப்பு வரும்போதே சங்கத்தில் கூடி, கணக்கோடு ஆட்சேபம் எழுதுங்கள். வரி நியாயமானால் தவணை தவறாமல் கட்டுங்கள். பாக்கி வைத்தவன் கேட்கும் கேள்விக்குக் கனம் இருக்காது.

தள்ளுவண்டி, பிளாட்பாரக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் உங்களுக்காகவே வந்தது. கணக்கெடுத்து எல்லோருக்கும் சான்று தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அப்புறப்படுத்த வேண்டி வந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள். அதில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. சிறுபான்மையினருக்கும் உரிய இடம் உண்டு. கணக்கெடுக்க வரும்போது வண்டியோடு நில்லுங்கள். தேர்தல் வரும்போது வேட்பாளராக நில்லுங்கள். மாமூல் கொடுத்துத் தப்பிக்கும் ஒவ்வொரு நாளும் சான்று கேட்கும் உரிமையை நாமே விற்கிறோம்.

ஐந்தாவது, 'நமக்கு நாமே' திட்டம். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால், மீதியை அரசு போட்டுப் பள்ளிக்கூடம், பூங்கா, விளக்கு போன்ற பொது வேலைகளைச் செய்யும் ஏற்பாடு. 2021இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் கொண்டு வந்தார்கள். கல்யாணத்தில் ஒரு நாள் அலங்கார விளக்குக்குச் செலவழிக்கும் தொகையை, நகராட்சிப் பள்ளியின் கழிவறைக்குப் பங்காகக் கொடுத்துப் பாருங்கள். எந்தச் சாதிப் பிள்ளை, எந்த மதப் பிள்ளை என்று பார்க்காமல் எல்லோரும் பயன் பெறுவார்கள்.

ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். சாக்கடை மூடி மேல் மூட்டை அடுக்குவது யார்? ராத்திரி கடையைச் சாத்தும்போது கோழிக் கழிவையும் பிளாஸ்டிக் பையையும் வடிகாலில் தள்ளுவது யார்? அதிகாரியை ஒரு விரலால் சுட்டும்போது, மற்ற விரல்கள் நம் கடைவாசலைக் காட்டுகின்றன. முதலில் அதைச் சரி செய்வோம்.

பேச்சைக் கேட்டுக் கலைந்து போகும் கூட்டமாக இது முடியக் கூடாது. இன்றே தெருவுக்கு ஐந்து பேர் கொண்ட குழு அமைப்போம். அதில் இருவர் பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் வராத வேதனை குடத்தைத் தூக்குகிறவருக்குத்தான் தெரியும். தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டமே வந்துவிட்டது. நம் தெருக் குழுவில் இடமில்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? மாற்றுச் சமயத்து அண்டை வீட்டாரையும் கட்டாயம் சேருங்கள். நாற்றமெடுக்கும் தண்ணீர் ஆள் பார்த்து வருவதில்லை. ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். புகார், தேதி, பதிவு எண், முடிந்ததா இல்லையா. இந்த நான்கு கட்டம் போதும்.

அந்த மூன்று வயதுக் குழந்தை இன்று பள்ளிக்கூடம் போகிறாள். அந்தக் கல்வெட்டைத் தாண்டித்தான் தினமும் போகிறாள். அவள் பிழைத்தது இறைவன் அருள். ஆனால் அவள் நோயில் படுக்கக் காரணம், இந்தத் தெருவில் வளர்ந்த ஆண்கள் இத்தனை பேர் இருந்தும் பத்து நாள் ஒரு மனு எழுதாததுதான். இன்னொரு வீட்டில் அப்படி ஒரு கட்டில் போட வேண்டாம்.

அடுத்த பகுதி சபை எந்தத் தேதி என்று நாளைக் காலை வார்டு அலுவலகத்தில் கேட்டு வர, இப்போதே இரண்டு தம்பிகள் பெயர் கொடுங்கள். அந்தப் பெயர்களை எழுதிக் கொண்டுதான் நான் மேடையை விட்டு இறங்குவேன்.

வஸ்ஸலாம்.