லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க சார், அடுத்தது சாப்பாடு" என்று சொல்லித்தான் செயலாளர் மைக்கைக் கொடுத்திருக்கிறார். நான் பேசப்போவதும் சாப்பிடுகிற, குடிக்கிற சமாச்சாரம்தான்.

நான் இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்தவன். முதல் வருஷம் லேபில் நுழைந்த அன்றைக்கே எங்கள் பேராசிரியர் ஒன்று சொன்னார்: "லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதே. தப்பான லேபிள் ஒட்டின பாட்டில் அதைவிட ஆபத்து. லேபிள் இல்லேன்னா நீ சந்தேகப்படுவே, இருந்தா நம்பிடுவே." அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். பிறகு ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தேன். லேபிளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே ஏமாந்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

2023 கோடையில் என் மகள் பிள்ளையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். பேரனுக்கு இரண்டு வயது. ஒருநாள் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. "அப்பா, ஓ.ஆர்.எஸ். வாங்கிட்டு வாங்க" என்றாள். கடையில் கேட்டேன். கடைத்தம்பி அட்டைப்பெட்டியில் அடைத்த பழச்சுவை பானம் இரண்டு எடுத்துக் கொடுத்தான். பெயரிலேயே அந்த மூன்று எழுத்தும் பெரிசாக இருந்தது. பழப்படம் வேறு. பவுடர் பாக்கெட்டைவிட விலை அதிகம்தான். ஆனால் பேரனுக்காயிற்றே என்று வாங்கிவிட்டேன். குழந்தையும் ருசியாக இருந்ததால் வாங்கி வாங்கிக் குடித்தான். சாயந்திரத்துக்குள் போக்கு அதிகமாகி, கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றினார்கள். டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன குடுத்தீங்க?" பெட்டியைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்யும் ஓ.ஆர்.எஸ். இது அல்ல என்று அதிலேயே எழுதியிருந்தது! 31 வருஷம் லேபிள் படித்தவன் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? வேதியியல் மாணவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சிறுகுடலின் உட்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடி சேர்ந்து உள்ளே போகின்றன. அவை போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது. அதனால்தான் அளவு முக்கியம். 1 லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சோடியமும் குளுக்கோஸும் சரிக்குச் சரி, லிட்டருக்கு 75 மில்லிமோல். சர்க்கரையைப் பல மடங்கு கூட்டினால் ஆஸ்மாசிஸ் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். உடம்பில் உள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். மருந்து என்று நினைத்துக் கொடுத்ததே நோயைக் கூட்டும்.

அந்த மூன்று எழுத்து சாமானியமானது இல்லை. 1971இல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, மேற்கு வங்கத்தில் பொங்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்ற டிரிப் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அப்படிச் சம்பாதித்த நல்ல பெயரைத்தான் சர்க்கரைத் தண்ணீர்மேல் ஒட்டி விற்றார்கள்.

2022இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதை முதலில் தடுத்தது. சில மாதத்திலேயே, லேபிளில் ஒரு குறிப்புப் போட்டால் போதும் என்று விட்டுக்கொடுத்தது. குழந்தை டாக்டர்கள் விடாமல் போராடினார்கள். கடைசியில் 2025 அக்டோபர் 14 அன்று அந்த அனுமதியை ஆணையம் திரும்பப் பெற்றது. அந்த அளவுப்படி இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. நல்ல காரியம். ஆனால் நடுவில் போன வருஷங்களில் எத்தனை வீட்டில் எத்தனை தாத்தாக்கள் என்னைப்போல் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்!

இது ஒரு பெட்டியோடு முடிகிற விஷயம் இல்லை. கடலை எண்ணெயில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போடுகிறார்கள். செடியிலிருந்து வரும் எண்ணெயில் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வரும்? உண்மைதான், ஆனால் பிரயோஜனம் இல்லாத உண்மை. ஐஸ்கிரீம் என்று நினைத்து வாங்குவதைத் திருப்பிப் பார்த்தால் "ஃப்ரோஸன் டெசர்ட்" என்று இருக்கும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டது. சோப்பு வாங்கினால் "டாய்லெட் சோப்" வேறு, "பாத்திங் பார்" வேறு. முதல் தர டாய்லெட் சோப்பில் கொழுப்புப் பொருள் 76 சதவீதமாவது இருக்கவேண்டும், பாத்திங் பாரில் அவ்வளவு வேண்டியதில்லை. "ஹெல்த் டிரிங்க்" என்ற வார்த்தைக்கு நம் உணவுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது என்று 2024இல் அரசே சொல்லி, இணையக் கடைகளில் அந்தத் தலைப்பிலிருந்து பானங்களை எடுக்கச் சொன்னது.

சரி, நாம் என்ன செய்வது? முதலில் பெட்டியைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரவேண்டும் என்பது விதி. தண்ணீருக்கு அடுத்து சர்க்கரை என்று இருந்தால், முன்பக்கம் என்ன பழம் படம் போட்டாலும் அது சர்க்கரைத் தண்ணீர்தான். அவசரத்துக்குப் பவுடர் பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதை எல்லோரும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். குழந்தை துவண்டு போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டாவது, புகார் கொடுங்கள். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் சிபாரிசு செய்யும் பிரபலத்துக்கும் பொறுப்பு உண்டு. ஒரு வருஷம், மறுபடி செய்தால் மூன்று வருஷம் வரை தடை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் புகாரை வாங்கிக்கொள்கிறார்கள். நான் பில்லைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அதுவும் என் தப்பு. பில் வாங்குங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேதியியல் துறைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் ஒரு மேசை போடுங்கள். ஜனங்கள் வாங்கிவருகிற சாமான்களின் பின்பக்கத்தைப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். இங்கிலீஷ் பொடி எழுத்து படிக்கத் தெரியாத தாய்மார்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேசைக்கும் பந்தலுக்கும் ஆகிற செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்ளும். நண்பர்களைக் கேட்காமலே சொல்கிறேன், மறுக்கமாட்டார்கள்.

பேரன் இப்போது நன்றாக இருக்கிறான். கடையில் பிஸ்கட் வாங்கினால்கூட, "தாத்தா, பின்னாடி படி" என்கிறான். இரண்டு வயதில் நடந்தது அவனுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு மறக்காது.

சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது.