யாரோடு சிரிக்கிறோம்?



மறைந்த திருத்தந்தை பிரான்சிஸின் தாய்மொழியான ஸ்பானியத்தில் சிரிப்புக்கு ‘ரீஸா’ என்று பெயர், புன்னகைக்கு ‘ஸோன்ரீஸா’. சிரிப்பதற்கான வினைச்சொல்லோடு ‘தே’ என்ற சிறு சொல் சேர்ந்தால் ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது. ‘கோன்’ சேர்ந்தால் அவரோடு சேர்ந்து சிரிப்பது.

பிள்ளையில்லை என்று ஏளனத்துக்கு ஆளானவர் சாரா. முதிர்வயதில் மகன் பிறந்ததும், கேட்போரெல்லாம் தம்மோடு சேர்ந்து சிரிப்பார்கள் என்று மகிழ்ந்தார் (தொநூ 21:6). ஈசாக்கு என்ற பெயருக்கே ‘சிரிக்கிறான்’ என்பதுதான் பொருள்.

நம் அரக்கோணத்தில், ரயில்மேடையிலும் குழாயடியிலும், பிள்ளையில்லாத சகோதரியின் காதில் விழுவது நம்முடைய எந்தச் சிரிப்பு? பிள்ளை பிறந்தபின் வாழ்த்தப் போவது எளிது. பிறக்காதபோதும் அவரோடு அமர்ந்து சிரிக்கும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.