சங்கிலியும் வேண்டாம், மூடிய அறையும் வேண்டாம்

(உத்திரமேரூரில் இளைஞர்கள், வணிகர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? 28 பேர் மாண்டார்கள்.

அந்தச் சங்கிலியைத் தர்கா பூட்டவில்லை. தர்காவைச் சுற்றிக் காசுக்கு நடந்த விடுதிகள் பூட்டின. அங்கே கொண்டுபோய் விட்டவர்களோ பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும்தான். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று அரசின் பெரிய மனநல மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. ராமநாதபுரத்து ஏழை மாதாமாதம் அங்கே போய்வர முடியுமா?

இன்று அந்தச் சாக்கு நமக்கு இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் வந்திருக்கிறது. அதன் மருத்துவர் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார். மாத்திரைக்குக் காசில்லை. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில், எந்த நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. வணிகச் சகோதரர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: உடல் நோய்க்குத் தருவதுபோல் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

ஆனாலும் போகிறோமா? 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறை உண்டு. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை. கடன் தொல்லையில் தூக்கமிழந்து, கடையைத் திறக்கவே மனமில்லாமல் கிடப்பவரை 'சோம்பேறி' என்கிறோம். காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் இளைஞனை 'பேய் பிடித்தவன்' என்று ஒதுக்குகிறோம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்று நோயை மறைத்து நிக்காஹ் முடிக்கிறார்களே, அது! ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றுகிறோம். விஷயம் தெரிந்ததும் வீட்டில் சண்டை. மாத்திரையும் மறைவாக, பாதியில் நின்றுவிடுகிறது. நோய் முற்றுகிறது. பிறகு தலாக், வழக்கு, பஞ்சாயத்து. ஜமாஅத்துக்கு வரும் குடும்பத் தகராறுகளில் இப்படிப்பட்டவை எத்தனை என்று நிர்வாகிகள் எண்ணிப் பார்க்கட்டும்.

துஆவை விட்டுவிடச் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்களே. 1284ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. ஏர்வாடியிலேயே பிற்காலத்தில் துஆவோடு மருந்தும் தரும் அரசுத் திட்டம் வந்துவிட்டது.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. நம் அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்த நாளில், எத்தனை மணிக்கு வருகிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள். அதையும் 14416 என்ற எண்ணையும் எழுதி, பள்ளிவாசல் பலகையிலும் பஜாரின் ஒவ்வொரு கடையிலும் ஒட்டுங்கள். தாளும் பசையும் வணிகர்கள் தருவார்கள். அந்த நாளில் மருத்துவர் வராவிட்டால், கையெழுத்து வாங்கி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்போம்.