மைனாவின் குரலும் மனிதரின் கையும்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த ஆசிரியர் மும்பையின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழி கற்பித்தே ஆயுளைக் கழித்தவர். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் மேடையில் மொழி என்றால் என்ன என்று அடியிலிருந்தே கேட்டுப் பார்ப்பது பொருந்தும் என்று நினைத்தேன். பறவைக்கும் விலங்குக்கும் மொழி உண்டா, உண்டென்றால் நம்முடையது எந்த இடத்தில் அதை விட்டுப் பிரிகிறது என்பதுதான் இன்றைய பொருள். இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பங்கு மும்பை லோக்கல் ரயிலில், மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் இருக்கிறது என்பது என் கட்சி. அங்கே போய்ச் சேருமுன் வழியில் சில பறவைகளையும் பூச்சிகளையும் பார்த்துவிட்டுப் போவோம்.

முதலில் மலைமைனா. கூண்டில் வளர்ந்த மலைமைனா மனிதக் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வீட்டில் யாரோ பேசுகிறார்கள் என்றே தோன்றும். ஆனால் அதே பறவை காட்டில் என்ன செய்கிறது? பிரையன் பெர்ட்ராம் என்பவர் 1960களில் அஸ்ஸாம் காடுகளில் அதைக் கவனித்தார். காட்டில் அது வேறு எந்த உயிரின் ஒலியையும் பாவனை செய்வதில்லை. அக்கம்பக்கத்து மலைமைனாக்களின் அழைப்புகளைத்தான் கற்றுக்கொள்கிறது. அதிலும் ஆண் ஆணிடமிருந்து, பெண் பெண்ணிடமிருந்து. தன் இனத்தோடு ஒட்டி வாழக் கிடைத்த திறமையைக் கூண்டுக்குள் வேறு துணையில்லாமல் நம்மிடம் செலவழிக்கிறது. நாம் அதைப் பேச்சு என்று எண்ணிக் கைதட்டுகிறோம்.

தேனீயிடம் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும், ஏனென்றால் விலங்குலகில் மொழிக்கு மிக அருகே வந்தது அதுதான். செம்பூர்ப் பக்கம் உயரமான கட்டடங்களின் சன்ஷேடுக்கு அடியில் மலைத்தேனீயின் ஒற்றை அடை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தேன் கிடைத்த இடத்திலிருந்து திரும்பிய தேனீ அந்த அடையின் மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு ஒரு கோடாக ஓடும். சுற்றி வந்து மறுபடி ஓடும். நேர் மேல்நோக்கி ஓடினால் சூரியன் இருக்கும் திசையில் போ என்று பொருள். வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் சூரியனிலிருந்து அதே கோணம் வலப்பக்கம். எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ அவ்வளவு தூரம். இதைப் படித்துக் காட்டிய கார்ல் ஃபான் ஃப்ரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கே வந்து நம் பக்கத்துத் தேனீக்களின் ஆட்டத்தை அளந்தார். பெங்களூரில் அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ மூன்றையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. ஒரே தூரத்தைச் சொல்ல மூன்றும் வேறுவேறு நேரம் எடுத்துக்கொள்கின்றன. குறைந்த தூரம் இரைதேடும் இனம் நீளமாக ஆட்டுகிறது, தொலைவு போகும் இனம் சுருக்கமாக ஆட்டுகிறது. நெல்லைக்கும் கோவைக்கும் பேச்சு மாறுவது போல என்று சொல்ல வாய் வரும். ஆனால் நெல்லைப் பிள்ளை கோவையில் வளர்ந்தால் கோவைத் தமிழ் பேசும். தேனீயின் வேறுபாடு இனத்தோடு பிறப்பது.

ஃப்ரிஷ் செய்த ஒரு சோதனையை உயரமான கட்டடங்களின் ஊரில் இருக்கும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஒரு ரேடியோ கோபுரத்தின் அடியில் தேன்கூட்டை வைத்தார், உச்சியில் இனிப்பை வைத்தார். மேலே போய் உண்டு வந்த தேனீக்கள் உற்சாகமாக ஆடின. அதைக் கண்டு கிளம்பியவை சுற்றியிருந்த புல்வெளியெங்கும் தேடின, உச்சிக்குப் போகவில்லை. ‘மேலே’ என்று சொல்ல அந்த ஆட்டத்தில் இடமில்லை. புதிதாக ஒன்று நேர்ந்தபோது அதற்கு ஒரு வழி உண்டாக்கிக்கொள்ளவும் அவற்றால் முடியவில்லை.

குரங்கு, மான்களின் எச்சரிக்கைக் குரல் தேனீயின் ஆட்டத்தைவிட எளியது. போரிவலி தேசியப் பூங்காவில் சிறுத்தை நடமாடினால் புள்ளிமானும் லங்கூரும் குரல் கொடுக்கும். காவலர்கள் அந்தக் குரலை வைத்தே சிறுத்தை போகும் தடத்தைச் சொல்வார்கள். தென்னிந்தியக் காடுகளில் கடமானும் கருமந்தியும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு நாட்டுக்குரங்குகள் மரமேறித் தப்பிப்பதை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுகளைப் போட்டுக்காட்டி நிறுவியிருக்கிறார்கள். ஓர் இனத்தின் குரலை இன்னோர் இனம் பொருள் அறிந்து கேட்கிறது. பெரிய விஷயம்தான். ஆனால் எந்த மானும் நேற்று வந்த சிறுத்தையைப் பற்றி இன்று குரல் கொடுப்பதில்லை.

தொண்டை அமைப்பு இடம்கொடுக்காததால்தான் வாலில்லாக் குரங்குகள் பேசவில்லை, கையைக் கொடுத்தால் பேசிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1973இல் பிறந்த நிம் என்ற சிம்பன்சிக்கு நியூயார்க்கில் காது கேளாதோரின் சைகைகளைக் கற்றுக்கொடுத்தார் ஹெர்பர்ட் டெரஸ். நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளை அது கற்றது. பிறகு டெரஸ் வீடியோவைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்தபோது, ஆசிரியர் அப்போதுதான் காட்டிய சைகையையே பெரும்பாலும் அது திருப்பிக் காட்டியிருப்பது தெரிந்தது. கிளி ஜோசியக்காரரின் கிளி சீட்டை எடுக்குமுன் அவருடைய விரலசைவைப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம்; நிம் செய்ததும் அதுதான். 1979இல் டெரஸ் தம் முடிவை வெளியிட்டார்: சைகைகள் நீண்டன, ஆனால் வாக்கியம் பிறக்கவில்லை. நிம் காட்டிய மிக நீளமான தொடரில் 16 சைகைகள். அத்தனையும் ஓர் ஆரஞ்சைக் கேட்பதற்காக, அதையே திரும்பத் திரும்ப.

ஆக, மைனாவுக்குத் தொண்டை இருந்தது, நிம்முக்குக் கை இருந்தது. இரண்டிடமும் மொழி வந்து தங்கவில்லை. இனி மறுபக்கம் பார்ப்போம்.

தாராவியில் நான் பழகும் ஒரு வீடு உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தகப்பனார் தோல்பை தைப்பவர். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான் சொல்லப்போவது நடந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்குப் போகவில்லை, சைகைமொழி தெரிந்த ஒருவரையும் பார்த்ததில்லை. வீட்டோடு அவளே உண்டாக்கிய சைகைகள்தான். மூக்கின் ஓரத்தைத் தொட்டால் ஆச்சி, மூக்குத்தி போட்டிருப்பவர். இரண்டு விரலால் ஊசி இழுத்தால் அப்பா. கையை உயர்த்திப் பிடித்து உடம்பை ஆட்டினால் ரயில். ஒரு மாலை தாய் தட்டில் சோறு போட்டு நீட்டினார். அவள் தட்டை ஒதுக்கிவிட்டு ஊசி இழுத்தாள், கம்பியைப் பிடித்து ஆடினாள், பிறகு கவளத்தை வாயில் வைப்பதுபோல் காட்டினாள். தாய் என்னிடம், “அப்பா ரயில்ல வந்த பொறவுதான் சாப்பிடுவாளாம்” என்றார்.

அந்த மூன்று சைகைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எதிரில் இல்லாத ஒருவர், இன்னும் நடக்காத ஒரு வருகை, அது நடந்தால் இது என்ற நிபந்தனை. வரிசையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆசிரியர் படையே சுற்றியிருந்து கற்பித்தும் நிம் எட்டாத இடம் அது.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் அடுக்கும்போது செவியறிவை ஐந்தாவதாக வைத்தார், ஆறாவதாக மனத்தை வைத்தார். மனிதரைப் பிரிக்கும் கோட்டை அவர் நாவிலோ செவியிலோ போடவில்லை. அவ்வளவு பழைய தெளிவை நாம் நடைமுறையில் கைவிட்டோம். காது கேளாத பிள்ளையை ‘வாய் பேசாதது’ என்று சொல்லி அஃறிணையில் தள்ளினோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உயிரியலும் தொல்காப்பியர் பக்கமே நிற்கிறது. பாட்டுக் கற்கும் குருவிக்குஞ்சின் கேட்கும் திறனை இளமையிலேயே போக்கிவிட்டால் அதன் பாட்டு உருக்குலைந்துபோகும் என்பதை மசகஸு கொனிஷி 1965இல் காட்டினார். பாட்டு அதன் காதோடும் தொண்டையோடும் கட்டுண்டது. வேறு வழி தேடாது. மனிதக் குழந்தையோ, காது அடைபட்டால் கைக்கு மாறிக்கொள்கிறது. கனடாவில் லாரா ஆன் பெட்டிட்டோ, சைகைமொழி பேசும் பெற்றோரிடம் வளரும் காது கேளாத சிசுக்களைக் கவனித்தார். மற்ற குழந்தைகள் ‘பபப, மமம’ என்று மழலையாடும் பருவத்தில் இவர்கள் கையால் மழலையாடினார்கள்; பொருளில்லாத, ஆனால் சைகைமொழியின் அசைகளைக் கொண்ட அசைவுகள். 1991இல் அந்த ஆய்வு வந்தது. குரல் இல்லாத ஒரு மழலை!

வீட்டுச் சைகை மட்டும் போதாது, அதையும் சொல்ல வேண்டும். பேச இன்னும் நாலு பேர் வேண்டும். நிகராகுவாவில் 1970களின் கடைசியில் காது கேளாத பிள்ளைகளை முதன்முதலாக ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். அவரவர் வீட்டுச் சைகையோடு வந்தார்கள்; அடுத்தடுத்து வந்த சிறு பிள்ளைகள் அதை இலக்கணமுள்ள முழு மொழியாக்கிவிட்டார்கள். மும்பையில் அந்த நாலு பேர் சேரும் இடம் ரயில்தான். ஆனெலீஸ் கஸ்டர்ஸ் என்ற மானிடவியலாளர், தாமும் காது கேளாதவர், இதைப் பற்றி 2009இல் எழுதினார். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் அலுவலகம் போகும் வழியிலும் வரும் வழியிலும் சந்தித்து வேலை, கல்யாணம், அரசியல் எல்லாவற்றையும் கையால் பேசித்தீர்க்கிறார்கள். பேச்சு முடியாமல் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. தாதர் நடைமேடையில் நீங்களே பார்க்கலாம்: இவர் இந்த மேடை, அவர் எதிர்மேடை, நடுவே தண்டவாளமும் அறிவிப்பு இரைச்சலும். நாமாக இருந்தால் ஒரு சொல் கேட்காது. அவர்கள் முழு உரையாடலை நடத்துவார்கள், வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகத் தொடர்வார்கள்.

அது வெறும் நடிப்புக் காட்டல் இல்லை, இலக்கணம் உள்ள மொழி. இந்தியச் சைகைமொழியில் நம் தமிழைப் போல வினை கடைசியில் நிற்கும். கேள்விச் சைகையும் வாக்கியத்தின் ஈற்றில் வரும். பேசுகிறவர் தம் முன்னால் வெளியில் ஒருவரை வலப்பக்கமும் இன்னொருவரை இடப்பக்கமும் நிறுத்திவிடுவார். ‘கொடு’ என்ற வினையைக் கை வலமிருந்து இடம் கொண்டுபோனால் அவர் இவருக்குக் கொடுத்தார், இடமிருந்து வலம் போனால் இவர் அவருக்கு. வேற்றுமை உருபு செய்யும் வேலையைக் காற்றில் ஒரு பாதை செய்கிறது. 1970களில் மதன் வாசிஷ்டாவும் ஜேம்ஸ் வுட்வர்டும் மற்றவர்களும் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நான்கு ஊர்ச் சைகைகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கு பொதுவாக இருந்தது. தாராவியில் காது கேட்கும் நாம் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ரேஷன் கடையில் மராத்தி என்று மாறிமாறிப் பேசுகிறோம். காது கேளாத தமிழ்ப் பிள்ளையும் கும்பர்வாடாவின் குஜராத்திப் பிள்ளையும் மராத்திப் பிள்ளையும் ஒரே மொழியில் சண்டை போட்டு ஒரே மொழியில் சமாதானமாகலாம்.

அந்த மொழியைத்தான் பள்ளிகள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தன. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாதோர் கல்வியில் வாய்ப்பேச்சே முறை, சைகை கூடாது என்று தீர்மானித்தது. இந்தியாவில் காது கேளாதோருக்கான முதல் பள்ளி இதே பம்பாயில் 1885இல் தொடங்கியது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியை 1890களில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கினார். இந்தப் பள்ளிகள் கல்விக்கு வழியே இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வாசலைத் திறந்தன, அதற்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் மிலானின் நிழல் நாடெங்கும் வகுப்பறைகளில் நூறாண்டு தங்கியது. பிள்ளைகள் வகுப்பில் உதட்டைப் பார்த்தார்கள், விடுதியிலும் மைதானத்திலும் மொழி கற்றார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே இன்னொரு கஷ்டம் சேர்கிறது. பயிற்சி மையத்தில் உதட்டசைவை இந்தியிலோ மராத்தியிலோ கற்பிக்கிறார்கள். வீட்டில் தாய் தமிழ் பேசுகிறார். பிள்ளை தாயின் உதட்டைக்கூடப் படிக்க முடியாமல் போகிறது. நான் சொன்ன அந்த வீட்டில், ஒரு மருத்துவர், “கையைக் கட்டிவைத்தால்தான் வாய் பேசும்” என்று தாயிடம் சொல்லியனுப்பினார். அந்தத் தாய் சில நாள் மகளின் கையைப் பிடித்துப் பிடித்து அமர்த்தினார். இதை என்னிடம் அழுதுகொண்டே சொன்னார்.

கேட்க உதவும்படி உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிய வயதில் பொருத்தி, உரிய பயிற்சியும் கிடைத்தால் பல பிள்ளைகளுக்கு அது பெரும் துணை. ஆனால் கருவிக்காகக் காத்திருக்கும் மாதங்களிலும் மூளை காத்திருப்பதில்லை. முதல் சில ஆண்டுகளில் மொழி எதுவும் வந்து சேராத பிள்ளைக்குப் பிறகு எந்த மொழியும் முழுதாகப் படிவது கடினம். சைகை கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. காது கேளாத பிள்ளைகளில் நூற்றுக்கு 90க்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். ஆகவே முதலில் கற்க வேண்டியவர் தாய். தாய்மாமன், அத்தை வழியில் தலைமுறை தலைமுறையாக மணம் செய்துவரும் நம் குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை கூடுதலாக வருகிறது என்பதையும் பெரியவர்கள் மனம் கோணாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்ததும் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வியில் சைகைமொழிக்கு இடம் தந்திருக்கிறது. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா. அங்கே 1983இல் நிறுவப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது, சைகைமொழி கற்பிக்கிறார்கள். தூரம் ஒன்றுமில்லை. ஆனால் தாராவித் தாய்மார் அங்கே போய் இந்தியில் விவரம் கேட்கத் தயங்குகிறார்கள்.

அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் என் வேண்டுகோள் இரண்டு. தாராவியில் ஞாயிறுதோறும் தமிழில் விளக்கி நடக்கும் ஒரு சைகைமொழி வகுப்பு வேண்டும். கற்பிப்பவர் காது கேளாத ஆசிரியராக இருக்கட்டும், கற்பவர்கள் தாய்மாரும் ஆச்சிமாரும். இன்று எனக்குத் தருவதாகச் சொன்ன சன்மானத்தை அதன் முதல் தொகையாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேசுபவரின் பக்கத்தில் சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்கட்டும். முன்வரிசை நாற்காலிகளை அதைப் பார்க்க வருபவர்களுக்கு ஒதுக்குங்கள்.