பழைய வீட்டின் முன்கூடம்

(பைராம் தோட்டக் குடும்பங்களின் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விடியற்காலைப் பிரட்டுக்கு எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பிய களைப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீண்ட முன்னுரை தேவையில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தோட்ட வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. சுவருக்குச் சாயம் பூச வேண்டும், பழைய நாற்காலிகளை மாற்ற வேண்டும், முன்கூடத்தைப் பட்டணத்து வீடு போல் ஆக்க வேண்டும் என்பதே அப்பேச்சு. அந்த விருப்பம் நியாயமானது. அதனை எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு செலவிடுவது என்பனவற்றைப் பற்றியே இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

முன்கூடம் என்பதே நம்மவர்க்குப் புதிதாக வந்த ஒன்றாகும். நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த நிலங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ரப்பருக்கு மாறின. அக்காலத்து லயன்களில் ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அறைகள் இருந்தன. ஓர் அறையே ஒரு குடும்பத்துக்கு உலகம். கூடம் என்று ஒன்று ஏது? அறைக்கு முன்னிருந்த அஞ்சடிதான் கூடம். விருந்தினர் அமர்ந்தது அங்கே. பாட்டி வெற்றிலை இடித்தது அங்கே. பிள்ளை பாடம் படித்தது அங்கே. பெண் கேட்டு வந்தவர்கள் பாய் விரித்துப் பேசியதும் அங்கேதான். பின்னர்த் தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் வந்தபோது, அந்த அஞ்சடியே சுவருக்குள் புகுந்து முன்கூடமாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அதன் பிறகு தொலைக்காட்சி வந்தது. நம் நாட்டில் 1963 டிசம்பர் 28-இல் தொடங்கிய ஒளிபரப்பு, 1978-இல் வண்ணம் பெற்றது. பெட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலிகள் எல்லாம் அதன் பக்கம் திரும்பிக்கொண்டன. இன்றும் சில வீடுகளில், படம் தெரியாத பழைய பெட்டி ஒன்று, மேலே பின்னல் துணி போர்த்தி, கூடத்தின் நடுவிடத்தை விட்டு நகராமல் வீற்றிருக்கிறது. பழகிய பொருளைப் போக்க மனம் வருவதில்லை போலும்!

இனிச் செய்திக்கு வருவோம். நாம் புதுப்பிக்க நினைக்கும் வீடு யாருடையது? இக்கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்ட வீடு, வேலையோடு சேர்ந்து வரும் வீடு. வேலை முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு. மெர்டேக்காவை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, பல குடும்பங்கள் வேலையோடு கூரையையும் இழந்தன. அந்நிலையைக் கண்டே துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். இதனை நினைவூட்டுவது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. கையிலுள்ள பணத்தை எதில் போடுவது என்பதைத் தீர்மானிக்க இது உதவும்.

தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1966-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனிடத்தில் 1990-இல் புதிய சட்டம் வந்தது. அது 2019-இல் திருத்தப்பெற்று, 2020 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்பது அச்சட்டத்தின் உள்ளுறை. ஆகவே கூரை ஒழுகினாலும், பலகைச் சுவர் உளுத்தாலும், மின்கம்பி பழுதுற்றாலும், அதனை நம் சேமிப்பிலிருந்து செய்துகொள்வது முறையன்று. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயன் இல்லையேல் தொழிற்சங்கம் இருக்கிறது, தொழிலாளர் இலாகா இருக்கிறது. சுவரில் புதிதாகச் சன்னல் வைக்க வேண்டுமானாலும் இசைவு பெற்ற பின்னரே கை வைக்க வேண்டும். நம் பணத்தை, வீடு மாறும்போது உடன் எடுத்துச் செல்லத்தக்க பொருள்களில் மட்டுமே செலவிடுவோம்.

கூடத்தைப் புதுமையாக்குவதில் முதலிடம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரியது. பழைய வீடுகளில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. தகரக் கூரையில் ஒரேயொரு தகட்டை எடுத்துவிட்டு, ஒளி புகும் தகடு ஒன்றைப் பொருத்துமாறு நிர்வாகத்தைக் கேட்டுப் பாருங்கள். கூடம் முழுவதும் துலங்கிவிடும். உட்சுவரும் உட்கூரையும் வெண்மையாக இருந்தால் அவ்வொளி இருமடங்காகத் தோன்றும். கரும்பச்சையும் ஊதாவும் அழகுதான். சிறிய கூடத்தில் அவை ஒளியை விழுங்கிவிடும். வாசலுக்கு நேர் எதிரே ஒரு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். அத்திறப்பை அலமாரி கொண்டு அடைத்துவிட்டு, வெக்கையாக இருக்கிறதென்று இரண்டாவது காற்றாடி வாங்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்.

இரவு விளக்குக்கு ஒரு சிறு கணக்கு. பழைய 60 வாட் குமிழ் தரும் வெளிச்சத்தை, இன்றைய 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால், முன்னதற்கு மாதம் 9 யூனிட். பின்னதற்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு.

மின்கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. பழைய வீடுகளில் கம்பி இழுத்த காலத்தில் இருந்தவை இரண்டு விளக்கும் ஒரு வானொலியும்தான். இன்று அதே கூடத்தில் ஒரே செருகியிலிருந்து நீட்சிக் கம்பி போட்டு, தொலைக்காட்சி, காற்றாடி, இஸ்திரிப் பெட்டி, சோற்றுப் பானை அனைத்தையும் இயக்குகிறோம். மூன்று முனைச் செருகி ஒன்று தாங்குவது 13 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 3,000 வாட். இஸ்திரிப் பெட்டிக்கு 1,000, சோற்றுப் பானைக்கு 700, நீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்கு 2,000 என்று கூட்டிப் பாருங்கள், எல்லை தாண்டிவிட்டது. கம்பி சூடேறும், பலகைச் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. மேலும், மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் உங்கள் மின்பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ‘டி’ என்னும் எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதனை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால், அல்லது அச்சாதனமே இல்லையென்றால், சாயம் பூசும் வேலையை ஒத்திவைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அனுப்புமாறு நிர்வாகத்தைக் கேட்பதே முதல் வேலை. மலிவாகச் செய்து தருவதாகச் சொல்லும் தெரிந்த தம்பி இதற்கு வேண்டாம்.

மற்றுமோர் எச்சரிக்கை. பழைய கூரையிலோ உட்கூரையிலோ அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமிந்தித் தகடு இருந்தால், அதில் துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் கூடாது. அதில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளுக்கு அது நஞ்சு.

தரைக்கு நம்மவர் பெரிதும் விரும்புவது, மலாய் மொழியில் ‘தீக்கார் கெத்தா’ எனப்படும் விரிப்பு. ரப்பர் பாய் என்பது அதன் பொருள். ஆனால் இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். பெயரிலாவது நம் ரப்பர் வாழ்கிறதே என்று மகிழ்ந்துகொள்ளலாம். விரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் அடியில் நீர் பூத்திருந்தால் தரையில் ஈரம் ஊறுகிறது என்று பொருள். அத்தரையில் விரிப்புப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வெறும் சிமிந்தித் தரையே அங்கு மேல்.

இப்போது நாற்காலி மேசைக்கு வருவோம். ரப்பர் மரத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? ஆனால் 25, 30 வயதான மரத்தைச் சாய்த்த பிறகு அது என்ன ஆகிறது என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை. முற்காலத்தில் அது விறகாகவும் கரியாகவும் புகைக்கூண்டுக்கு எரிபொருளாகவும் போயிற்று. வெட்டிய சில நாள்களிலேயே நீலப் பூஞ்சை படர்ந்து, வண்டு துளைத்துவிடும் மரம் அது. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தின் மூலம் மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னர், 1980-களிலிருந்து நிலைமை மாறிற்று. இன்று மலேசியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் மரத்தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனவை. நம் தாத்தா வெட்டிய மரம் இன்று அயல்நாட்டான் வீட்டில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது. நம் கூடத்திலோ, பளபளக்கும் தாள் ஒட்டிய மரத்தூள் பலகை நிற்கிறது! அப்பலகை ஈரம் பட்டால் உப்பிப் பிளந்துவிடும். கடையில் பொருளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மர நரம்பு தெரிகிறதா, அழுத்திய தூள் தெரிகிறதா என்பது அங்கே விளங்கும். நல்ல ரப்பர் மர மேசையாயினும், கால்களுக்குக் குமிழ் மாட்டி ஈரத் தரையிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும்.

சோபா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளந்து வாங்குங்கள் என்றே சொல்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடம் 120 சதுர அடி. மூவர், இருவர், ஒருவர் அமரும் மூன்று சோபாக்கள் கொண்ட தொகுதி அதில் ஏறத்தாழ 42 சதுர அடியைப் பிடித்துக்கொள்ளும். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் அத்தகைய தொகுதி வந்த பிறகு, இரவில் பாய் விரிக்க இடமில்லாமல் போயிற்று. தேர்வு எழுதவிருந்த மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டாள். மீண்டும் அஞ்சடிதான்! சோபாவின் மேல் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர்கள் எடுக்கவில்லை.

தவணை முறையில் வாங்குவோர்க்கு ஒரு கணக்குச் சொல்வோம். 1,200 வெள்ளிப் பொருள், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டி, இரண்டு ஆண்டு. வட்டி 240 வெள்ளி; மாதம் 60 வெள்ளி. பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வர, வட்டியோ முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. உண்மையில் நீங்கள் கொடுப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு. அதே 60 வெள்ளியைச் சேமித்து வந்தால் இருபதாம் மாதத்தில் பொருள் கையில் இருக்கும், கடன் இராது. அச்சேமிப்பை நிறுத்தாமல் தொடர்வோர்க்கு அது சொந்த வீட்டின் முன்பணத்துக்கும் கைகொடுக்கும். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘செஜாத்திரா’ கணக்கிலிருந்து வீடு வாங்கவோ கட்டவோ பணம் எடுக்க வழியுண்டு. தோட்ட வீட்டுக் கூடத்தில் கடன்பட்டுப் பணத்தை முடக்கிவிட்டால், அந்நாள் வரும்போது கை வெறுமையாக இருக்கும்.

ஆகையால் இத்தீபாவளிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்னும் குடும்பத்துக்கு நம் பரிந்துரை, இரண்டடிக்கு மூன்றடியில் உறுதியான படிப்பு மேசை ஒன்று, அதற்கேற்ற நாற்காலி ஒன்று, மேலே ஒரு விளக்கு. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். அப்போதுதான் கை நிழல் தாளில் விழாது. பிள்ளை படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துவதா இல்லையா என்பதை வீட்டுப் பெரியவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். அந்த வழக்கில் நாம் தலையிட விரும்பவில்லை.

இவ்விடத்தில் தாய்மார்கள் கேட்கக்கூடிய ஒன்று உண்டு: இத்தனைக்கும் இடம் ஒதுக்கினால் சாமி மேடை எங்கே போவது? அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். விளக்கின் சுடருக்கு மேலே ஒரு முழ உயரம் வெற்றிடமாக விடுங்கள். சன்னல் திரை அதன் பக்கம் பறந்து வராதவாறு கட்டிவையுங்கள். தொலைக்காட்சிக் கம்பியை மட்டும் மேடையின் பின்புறமாக இழுக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கும் மின்கம்பியும் ஒன்று சேரலாகாது. வீட்டுக்குப் போனதும் அளவு நாடாவை எடுத்துக் கூடத்தின் நீளம், அகலம், வாசலின் அகலம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அத்தாள் சட்டைப்பையில் இருக்கட்டும். வாங்கிய அலமாரி வாசலில் நுழையாமல் இரவு முழுவதும் மழையில் நின்ற கதை ஒன்றும் நம்மிடம் உண்டு. அதை மற்றொரு நாள் சொல்வோம்.